அழித்து எடுத்த கலியாணங்கள்

லிங்கநகரில் எங்கள் வீட்டின் பின்னறை யன்னலைத் திறந்தால் கடற்படைக் கப்பல் நிற்கிற உட்துறைமுகத்தின் தண்ணீர் ஒரு துண்டு தெரியும். நான் வீடியோக் கமெரா வாங்கிய அடுத்த கிழமை கடற்படைக்காரர் இரண்டு பேர் வந்தார்கள். கமெராவை வாங்கிப் பார்த்தார்கள், யன்னலடிக்குப் போய் வெளியே பார்த்தார்கள். பிறகு, கமெரா இந்த வீட்டில் இருக்கும்வரை இந்த யன்னல் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கோபமாகச் சொல்லவில்லை. அன்று பின்னேரமே அப்பா அதன் இரண்டு கதவையும் சேர்த்து ஆணி அடித்தார்.

அந்த அறைதான் என்னுடைய எடிற்றிங் அறை. காற்றில்லாத அறையில் ரீவியும் இரண்டு வீடியோ டெக்கும் ஓடினால் எப்படிச் சூடேறும் என்று சொல்லத் தேவையில்லை. அம்மா வாசலில் நின்று எட்டிப் பார்ப்பா. "வெளியிலை வந்து கொஞ்சம் இரு பிள்ளை. அவிஞ்சு போவாய்" என்பா. நான் வருகிறேன் என்று சொல்லுவேன், வரமாட்டேன். இடையில் எழும்பினால் வேலை குழம்பிவிடும்.

எனக்கு இந்த வேலையை யாரும் சொல்லித் தரவில்லை. நான் ஒரு அரசாங்கக் கந்தோரில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். அண்ணன் கனடாவுக்குப் போயிருந்தான். மச்சாள் ஒருத்தியின் கலியாணத்தை அவன் பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டபோது, ரவுணில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவரும் ஆமியின் சென்றி, சோதனைச் சாவடி தாண்டி வரச் சம்மதிக்கவில்லை. ஆம்பிளைகள் கமெராவோடு போனால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பெண்ணென்றால் கேள்வி குறையும், கலியாணப் பொம்பிளை உடுத்தும் அறைக்குள்ளும் போகலாம் என்று அண்ணன்தான் ரெலிபோனில் சொன்னான். அப்படித் தொடங்கியதுதான்.

கமெரா வாங்கப் போனது மெயின் வீதியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்கு. வானொலி, காற்றாடி, ரேப்ரெக்கோடர் எல்லாம் விற்கிற கடை. அவர் இரண்டு கமெராவை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று தோளில் வைத்து எடுக்கிறது, பெரிய கசெற் போடுகிறது. மற்றது கைக்குள் அடங்குகிறது. அதன் கசெற் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. படம் சின்னதில்தான் தெளிவு என்று அவரே போட்டுக் காட்டினார்.

"அப்ப இதைத்தானே எடுக்க வேணும் நானா?"

"படத்த மட்டும் பாத்தா ஓம், தங்கச்சி. ஆனா இத நீங்க கைப்பையில வச்சுக்கொண்டு போவீங்க. சென்றியில திறந்து பாத்தா, ஏன் ஒளிச்சுக்கொண்டு போறாய் எண்டு கேப்பான்."

"பெரிசு?"

"பெரிச ஒளிக்க ஏலாது. அது நல்லது. ஆனா தூரத்தில இருந்து பாக்கிறவனுக்கு, தோளில என்னத்தையோ வச்சுக்கொண்டு ஒரு ஆள் வாறமாதிரித் தெரியும். அது நல்லதில்ல."

நான் இரண்டையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தேன். எந்தக் கமெரா நல்ல படம் எடுக்கும் என்று கேட்கப் போனவள், எந்தக் கமெராவோடு வீட்டுக்கு உயிரோடு வரலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் பெரிசையே எடுத்தேன். எடிற் செய்யும் டெக்குகளும் அதே கசெற்றைத்தான் போடும் என்பது இன்னொரு காரணம். கடும் மஞ்சள் துணியில் அதற்கு ஒரு உறை தைத்தேன். மஞ்சளில் ஆயுதம் இருக்காது என்று யாராவது நினைக்கட்டும் என்றுதான். சென்றிப் பொயின்ற் கண்ணில் பட்டவுடன் கமெராவைத் தோளிலிருந்து இறக்கி இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு போவேன். மண்மூட்டைக்கு மேல் வைப்பேன். கசெற் போடும் கதவைத் திறந்து காட்டுவேன், பற்றரியைக் கழற்றிக் காட்டுவேன். குண்டுக்கும் பாவிக்கலாம் என்பதால் பற்றரி என்றால் தனிக் கேள்வி இருக்கும். ஒரு சென்றியில் இருந்த ஆமிப் பொடியன் எப்போதும் கமெராவுக்குள் கண்ணை வைத்து மற்றப் பொடியனைப் பார்த்துச் சிரிப்பான். அவன் சிரித்து முடியும்வரை பொம்பிளை வீட்டார் எனக்காகக் காத்திருப்பார்கள்.

டெக் வாங்கும்போது நானா இன்னொன்றையும் காட்டினார். படத்தை நிறுத்தினால் கோடு விழாமல் அப்படியே நிற்கும் டெக், நாலு ஹெட் உள்ளது. மற்றதில் நிறுத்தினால் படம் நடுங்கும், குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும். படத்தை நிறுத்தி வைத்துப் பார்க்க எனக்கென்ன தேவை என்று நினைத்துச் சாதாரண டெக்குகளையே எடுத்தேன்.

அந்த நாளில் எடிற் செய்வது இப்போதையைப் போல இல்லை. ஒரு டெக்கில் கமெராவில் எடுத்த கசெற் ஓடும், மற்றதில் வெறுங் கசெற் பதியும். வேண்டிய இடம் வந்ததும் பதிகிற டெக்கை ஓட விட வேண்டும். பட்டனை அமத்தினாலும் அது உடனே பதியாது, கொஞ்சம் தடுமாறித்தான் பதியும். அந்தத் தடுமாற்றத்தைக் கணக்குப் பார்த்து முன்கூட்டியே அமத்தப் பழக எனக்குக் கன நாள் எடுத்தது. பிந்தினால் ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கிறது போய்விடும். முந்தினால் யாரோ மூக்குச் சிந்துவது நுழைந்துவிடும். அதோடு, தொடக்கத்திலிருந்து கடைசிவரை வரிசையாகத்தான் செய்ய ஏலும். நடுவில் ஒரு மாமியை விட்டுவிட்டீர்கள் என்று யாராவது சொன்னால், அந்த மாமியிலிருந்து பின்னால் உள்ளது எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும். கறண்ட் போனாலும் அப்படித்தான். போகவும் ஏலாது, திரும்பவும் ஏலாது என்கிற வேலை.

ஒரு நாள் சாதாரண உடுப்பில் ஒருவர் வந்தார். நல்ல தமிழ் கதைத்தார், சொற்கள் மட்டும் கொஞ்சம் மெதுவாக வந்தன. போன மாதம் எடுத்த ஒரு கலியாணத்தின் பெயரைச் சொல்லி, அந்தக் கசெற்றைப் பார்க்க வேண்டும் என்றார். நான் எடிற் செய்த கொப்பியை எடுத்தேன்.

"இது இல்லை. நீங்கள் கமெராவிலை எடுத்தது."

அவர் பின்னறையில் என்னுடைய கதிரையில் இருந்து முழுவதையும் பார்த்தார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தா. ஒவ்வொரு பந்தியாக வைத்து வைத்துப் பார்த்தார். சாப்பிடுகிறவர்கள், செருப்புக் கழற்றுகிறவர்கள், வாசலில் நின்று கதைக்கிறவர்கள். சில இடத்தில் பின்னுக்கு ஓட்டச் சொன்னார்.

"இவர் யார்?"

"பொம்பிளை பகுதி ஆக்கள். எனக்குத் தெரியாது."

"இவர்?"

"தெரியாது."

உண்மையில் எனக்கு இரண்டாவது ஆளைத் தெரியும். தெரியாது என்று சொல்லும்போது அவர் ரீவியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். கசெற்றை எடுத்துக்கொண்டு போனார், பிறகு திருப்பிக் கொண்டுவந்தும் தந்தார். இடையில் இரண்டு இளந்தாரிகளைக் கூப்பிட்டு விசாரித்து விட்டிருந்தார்கள். ஒருவனின் தாய் அதுக்குப் பிறகு கோயிலில் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்ளுவா. நான் அவவுக்கு என்ன சொல்லுவது? கலியாணத்துக்கு வந்தவர்களைத்தான் எடுத்தனான்.

அதோடு நான் வேலை செய்யும் முறையை மாற்றினேன். பந்தியில் இலையை எடுப்பேன், கையை எடுப்பேன், சோறு போடுவதை எடுப்பேன். ஆட்களின் முகத்துக்குக் கமெராவைக் கொண்டுபோக மாட்டேன். மாப்பிள்ளை, பொம்பிளை, தாய் தகப்பன், வயசானவர்கள் மட்டும். எடிற் செய்து கொப்பி கொடுத்து முடிந்ததும், கமெராக் கசெற்றைப் போட்டு அதுக்கு மேலேயே அடுத்த கலியாணத்தை எடுத்துவிடுவேன். ஆமி றோட்டைப் பூட்டினால் வெறுங் கசெற்றுக்குத் தட்டுப்பாடு வரும், ஆகவே அது சிக்கனமாகவும் பட்டது. அலுமாரியில் ஒரு கலியாணமும் இருக்காது. சிலர் குறை சொன்னார்கள். "என்ன பிள்ளை, எங்கட ஆக்கள் ஒருத்தரையும் காணேல்லை, பாயாசம் மட்டும்தான் இருக்கு" என்றார்கள். பிறகு பிறகு காரணம் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. சிலர் தாங்களே வந்து காதுக்குள் சொல்லிவிட்டுப் போவார்கள், இன்னாரை எடுக்காதை என்று.

அப்படித்தான் வெருகல் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு அம்மாவின் மகளுடைய கலியாணம் நடந்தது. ரவுணில் அந்த அம்மாவின் மச்சாள் வீட்டின் ஒரு அறையில் இருந்தார்கள். வயல், வீடு, சாமான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு உடுத்த உடுப்போடு வந்தவர்கள். மகளின் தம்பி, இருபது வயசு மட்டில் இருக்கும், கலியாண வீட்டு வேலை முழுவதையும் ஓடி ஓடிச் செய்தான். நான் கமெராவை எடுத்தவுடனேயே கிட்ட வந்தான்.

"அக்கா, என்னை எடுக்க வேண்டாம். குறை நினைக்காதேங்கோ."

"எடுக்கேல்லை. நீர் உம்மடை வேலையைப் பாரும்" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுச் சோறு வெந்துகொண்டிருந்த கிடாரத்தடிக்குப் போனான். அன்று அவன் வரும் பக்கமெல்லாம் நான் கமெராவைத் திருப்பிக்கொண்டேன்.

சில மாதத்துக்குப் பிறகு அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தா. வாசலிலேயே நின்றா. எங்கள் அம்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து இருத்தினா. மகன் வேலைக்குப் போன வழியில் பிடிபட்டிருக்கிறான். பஸ்ஸிலிருந்து இறக்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எந்த ஆமிக் காம்பில் கேட்டாலும் அப்படி ஒருவரும் இல்லை என்கிறார்கள்.

"எல்லா இடத்திலையும் படம் கேக்கினம், பிள்ளை. படம் இருந்தாத்தான் பதிவினமாம். என்னட்டை ஒரு படமும் இல்லை. எல்லாம் அங்கை வீட்டிலை. அடையாள அட்டையிலை இருந்த படம் அவனோடை போட்டுது." பின்னறைப் பக்கம் பார்த்தா. "கலியாணத்திலை நீங்கள் எடுத்ததிலை இருக்கும்தானே."

கொடுத்த கொப்பியில் அவன் இல்லை என்பது எனக்குத் தெரியும். கமெராக் கசெற்றுக்கு மேலே, பெரியபிள்ளையான ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்கை எடுத்திருந்தேன். இதை நான் சொன்னபோது அவ அழவில்லை.

"ஒருக்காப் பாருங்கோ, பிள்ளை" என்றா. "நீங்கள் மறந்திருப்பியள்."

அவவைக் கதிரையில் இருத்திவிட்டுக் கசெற்றைப் போட்டேன். சாமத்தியச் சடங்கு ஓடியது. வேகமாக ஓட்டினேன். தண்ணி வார்த்தார்கள், ஆலத்தி எடுத்தார்கள், பிள்ளை கேக் வெட்டினது. முடிந்தது. நான் நிப்பாட்டப் போனேன். கை பட்டனுக்குப் போகிறபோது ரீவியில் கொஞ்சம் மழை பெய்தது போல ஓடி, பிறகு அந்தக் கலியாண வீட்டுப் பந்தல் வந்தது. சடங்கு சின்னது, கலியாணம் நீளம். அழிபடாமல் மிஞ்சின வால். பந்தல் பிரிக்கிறார்கள், கதிரை அடுக்குகிறார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் கமெராவை நிப்பாட்ட மறந்து தோளில் தொங்கவிட்டிருக்க வேண்டும். படம் சரிந்து சரிந்து போனது. அதுக்குள் அவன் தலையில் இரண்டு கதிரையோடு குறுக்கே போனான். போகிற போக்கில் யாரோ கூப்பிட, திரும்பிப் பார்த்தான்.

"அவன்தான்" என்றா. மிகவும் சாதாரணமாகச் சொன்னா.

நிறுத்தினால் படம் நடுங்கியது. மூக்குக்கு மேலே வெள்ளைக் கோடு. திரும்பத் திரும்ப முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டிப் பார்த்தேன். கோடு கண்ணிலிருந்து வாய்க்கு இறங்கும், வாயிலிருந்து கண்ணுக்கு ஏறும். கசெற் தேய்ந்துவிடுமோ என்று பயம் வந்தது. கசெற்றை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பிலிம் றோல் போட்டுப் படம் எடுக்கிற அப்பாவின் பழைய கமெராவையும் எடுத்துக்கொண்டு, அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு நானாவின் கடைக்குப் போனேன். அந்த நாலு ஹெட் டெக் விலைப்படாமல் அங்கேயே இருந்தது.

நானா கதையைக் கேட்டார். றோட்டைப் பார்த்தார். கடைக் கதவைப் பாதிக்கு இழுத்து விட்டார்.

"எடுங்க. கெதியா எடுங்க."

"ஆமி வந்து கேட்டா என்ன சொல்லுவீங்கள், நானா?"

"டெக் திருத்திறம் எண்டு சொல்லுவம்."

படம் நின்றது. அசையாமல் நின்றது. கலங்கலாகத்தான், ஆனால் நெற்றி, கண், வாய் எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது. ரீவியைப் படம் எடுத்தால் கறுப்புப் பட்டை விழும் என்று எங்கேயோ வாசித்திருந்தேன். கமெராவின் வேகத்தைக் குறைத்துப் பிடித்தால் விழாதாம். கடையில் கமெராவை நிறுத்தி வைக்கிற ரைபொட் இல்லை. இரண்டு வானொலிப் பெட்டியை அடுக்கி, அதன்மேல் கமெராவை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமத்தினேன். வேகத்தை மாற்றி மாற்றி றோல் முடியும்வரை எடுத்தேன். அந்த அம்மா ரீவிக்குக் கிட்டப் போய்க் கண்ணாடியைத் தொட்டா. நானா வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

கழுவி வந்தபோது பெரும்பாலானவை பட்டை விழுந்து கெட்டுப்போயிருந்தன. ஒன்று மட்டும் பாவிக்கலாம். தலையிலிருந்த கதிரையின் கால் ஒன்று காதுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தைக் கொப்பி எடுத்து அந்த அம்மா காம்ப் காம்பாக, கந்தோர் கந்தோராகக் கொண்டு திரிந்தா. கைதிகளைப் பார்க்கப் போகிற ஒரு அமைப்பிலும் கொடுத்தா. கன காலம் ஒரு பதிலும் இல்லை. வெளியே விடப்பட்டு வந்த ஒருவன் அந்தப் படத்தைப் பார்த்து, தெற்கில் ஒரு தடுப்பு முகாமில் இவன் தன்னோடு இருந்தவன் என்று சொன்னபிறகுதான் ஒவ்வொன்றாக நகர்ந்தது. முகாமின் பெயர் தெரிந்தது. பிறகு பார்க்க விட்டார்கள். ஒரு வருசத்துக்கு மேல் எடுத்தது, ஆனால் கடைசியில் அவனை வெளியே விட்டார்கள்.

அந்த ஒரு வருசமும் நான் என்ன செய்வதென்று தெரியாமல்தான் இருந்தேன். கசெற்றை வைத்திருந்தால் சாதாரண உடுப்புக்காரர் வருவார். அழித்தால் இன்னொரு தாய் வந்து நிற்பா. கந்தோரில் தட்டச்சு அடிக்கிறபோதும் அதே யோசனைதான். அம்மாவிடம் சொன்னால் "விட்டுத்தள்ளு, இந்த வேலை வேண்டாம்" என்பா. கமெராவை விற்றாலும் யன்னல் திறக்கலாம் என்பதைத் தவிர வேறென்ன மாறப்போகிறது? அண்ணன் ரெலிபோனில் கனடாவுக்கு வா வா என்றான். அப்பாவுக்கு நடக்க ஏலாமல் வந்துகொண்டிருந்தது.

கடைசியில் ஒரு வழி செய்தேன். எடிற் செய்வதுக்கு முன்னம் கமெராக் கசெற்றை வீட்டுக்காரரிடம் கொண்டுபோய், இருந்து முழுவதையும் பார்க்கச் சொல்லுவேன். யாரை விடுவது, யாரை வெட்டுவது என்று அவர்களே சொல்லட்டும். வேலை முடிந்ததும் கசெற்றை அவர்களிடமே கொடுப்பேன். வைத்திருப்பதும் அழிப்பதும் அவர்களின் விருப்பம். பாதிப் பேர், "இதிலையே அழிச்சுத் தாங்கோ, நாங்கள் பாத்துக்கொண்டிருக்கிறம்" என்றார்கள். சிலர் வாங்கி அரிசி வாளிக்குள் வைத்தார்கள். ஒரு வீட்டில் தாய் வை என்றா, தகப்பன் அழி என்றார். நான் கசெற்றை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் கதைத்து முடியும்வரை இருந்தேன். சாதாரண உடுப்புக்காரர் அடுத்தமுறை வந்தபோது, "என்னட்டை இல்லை" என்று சொன்னேன். அலுமாரியைத் திறந்து காட்டினேன். அவர் நம்பினாரோ தெரியாது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

விடுபட்டு வந்த மகனை அந்த அம்மா கன நாள் இங்கே வைத்திருக்கவில்லை. கொழும்புக்குக் கூட்டிக்கொண்டுபோய், அங்கிருந்து கனடாவுக்கு அனுப்பிவிட்டா. பயணம் சொல்ல அவன் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வெளியே திரியப் பயம். எனக்கு அது விளங்கியது.

பிறகு ஒரு நாள் அவ ஒரு கசெற்றைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தா. மகன் அங்கிருந்து அனுப்பியது. தன் அறை, பனி, வேலை எல்லாம் எடுத்து, தாய்க்குக் கதைத்தும் அனுப்பியிருக்கிறானாம். பின்னறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்ப் போட்டேன். படம் வரவில்லை. கறுப்பும் வெள்ளையுமாக மேலே மேலே உருண்டது. அங்கத்தைய கசெற் வேறு முறை, எங்கள் டெக்குக்கு அது பிடிபடாது. சத்தம் வந்தது, ஆனால் இழுபட்டு, தடித்து, வயசான ஆம்பிளை ஒருவர் கிணத்துக்குள் இருந்து கதைப்பது போல.

"அம்மா, இது இதிலை பாக்க ஏலாது. இந்த முறை ஓடுற டெக் கொழும்பிலைதான் இருக்கும். ஆமியிட்டைப் பயணப் பாஸ் எடுத்துக்கொண்டு போனால் பாக்கலாம்."

"பாஸ் இப்ப குடுக்கினமே?"

"இந்தக் கிழமை இல்லை."

நான் நிப்பாட்டக் கையை நீட்டினேன்.

"அவன் கதைக்கிறான்தானே, பிள்ளை" என்றா. "ஓடட்டும்."

கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொண்டு இருந்தா. நான் அம்மாவிடம் தேத்தண்ணி ஊத்தச் சொல்லக் குசினிக்குப் போனேன்.